பெயரற்ற விரல்கள்

திருகோணமலைத் துறைமுகத் தெருவின் தேநீர்க் கடைகளில் இன்றும் பழைய திரைப்பாடல்கள் ஒலிக்கின்றன. பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் ஆகிய மூவரின் பெயரையும் மூத்தோர் தயங்காது சொல்வர். இலங்கை வானொலி அவற்றை நாள்தோறும் அறிவித்து நெஞ்சில் பதித்தது. ஆனால், விசுவநாதன்–இராமமூர்த்தி இசையில் கிட்டார் மீட்டிய பிலிப்ஸையும், அக்கார்டியன் இசைத்த மங்களமூர்த்தியையும், குழலூதிய நஞ்சப்பாவையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

“எழுதிக் கொடுத்ததைத்தானே வாசித்தார்கள்?” என்பர் சிலர். பாடகரும் சொல்லிக் கொடுத்ததைத்தானே பாடினார்? அவருக்குப் புகழ்மாலை, இவர்களுக்கோ அன்றைய கூலியோடு சரி!

இஃது ஒரு நாட்டின் கதையன்று. அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் மோட்டவுன் நிறுவனம் 1960களில் பாட்டு விற்றுப் பொருள் குவித்தது. அப்பாட்டுகளுக்கு வாத்தியம் வாசித்த ‘ஃபங்க் பிரதர்ஸ்’ குழுவினரின் பெயர்கள் இசைத்தட்டின் உறையில் அச்சேற 1971இல் மார்வின் கேயின் இசைத்தட்டு வரவேண்டியிருந்தது.

சென்னையில் திரையிசைக் கலைஞர்களுக்குத் தொழிற்சங்கம் கண்டவர் பொதுவுடைமையாளரான இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன். வாத்தியம் ஏந்திய கையும் உழைக்கும் கையே என்பதை அவர் நிலைநாட்டினார். சங்கம் கூலியைக் கேட்டது. பெயரைக் கேட்கவேண்டியவர்கள் கேட்டு மகிழும் நாமே.

மூட்டை சுமந்த தோள்களை மறந்து கப்பலை மட்டும் போற்றுவது நீதியன்று என்பதைத் துறைமுகத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வானொலியாரே, கைப்பேசிவழிப் பாட்டு விற்போரே, வாசித்தோர் பெயரையும் சொல்லுங்கள்! ஆசிரியர்களே, மாணவர்களே, அறிந்தோர் மறையுமுன் அப்பெயர்களைத் திரட்டுவோம். நாம் கேட்பது இரக்கமன்று; உழைப்புக்குரிய உரிமை.