கப்பலில் கூடுகிறது மாநாடு, கொடி யாருடையது?

மாநாடு என்றால் என்ன என்று நம் தோழர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திடல் தேடுவது, பந்தற்கால் நடுவது, உண்டியல் குலுக்குவது, விடிய விடியச் சுவரொட்டி ஒட்டுவது, இத்தனையும் செய்து கூட்டுவது நம் மாநாடு. வழியில் போகிற வண்டிக்காரனும் நின்று கேட்கலாம். ‘நீ யார்?’ என்று அவனைத் தடுப்பாரில்லை.

இன்னொரு வகை மாநாடும் உலகில் நடக்கிறது. அது தெருவைக் கண்டால் கூசுகிறது. கடலைத் தேடி ஓடுகிறது. உல்லாசக் கப்பல்களிலே மாநாட்டு மண்டபம் வைத்திருக்கிறார்கள். யார் கூடுகிறார்கள் அங்கே? எதற்குக் கூடுகிறார்கள்? செலவு யார் தலையில்? உழைப்பு யார் தோளில்?

கப்பலின் நாடக அரங்கில் இரவிலே ஆட்டமும் பாட்டும் நடக்கும். பகலிலே அது வெறிச்சோடிக் கிடக்கும். அந்த நேரத்தில் அங்கே கம்பெனிகளின் கூட்டம். அதிகம் விற்ற முகவர்களையும் விற்பனையாளர்களையும் பரிசுப் பயணம் என்று அழைத்து வருவார்கள். காலையில் சொற்பொழிவு; பிற்பகலில் நீச்சல் குளம்; இரவில் சூதாட்டக் கூடம். கூட்டமாக வந்தால் மண்டபத்துக்குத் தனி வாடகை பெரும்பாலும் கேட்பதில்லை. தாராள மனம் என்று எண்ணிவிடாதீர்கள்! தூண்டிலில் புழுவை இலவசமாகத்தான் மாட்டுகிறார்கள். அறைக் கட்டணத்திலும் மதுவிலும் சூதிலும் அந்த வாடகை பல மடங்காகத் திரும்பிவிடுகிறது.

இந்த உல்லாசத்தை ‘தொழில் செலவு’ என்று எழுதி வருமான வரியில் கழித்துக்கொண்டால்? சுமையில் ஒரு பகுதி பொதுமக்கள் தலையில் அல்லவா விழும்! அமெரிக்க அரசு இதைக் கண்டுகொண்டது. கப்பல் மாநாட்டுக்கு ஒருவர் ஆண்டுக்கு 2,000 டாலருக்கு மேல் கழிக்கக் கூடாது என்கிறது அந்நாட்டுச் சட்டம். அதற்கும் நிபந்தனை உண்டு. கப்பல் அமெரிக்காவில் பதிவானதாக இருக்க வேண்டும். அது தொடும் துறைமுகம் ஒவ்வொன்றும் அமெரிக்காவையோ அதன் ஆட்சிப் பகுதியையோ சேர்ந்திருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் கூட்டத்தில் உட்கார்ந்தோம் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். மாநாடு கூட்டியவரும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நல்ல சட்டம். ஆனால் அமெரிக்கக் கொடி பறக்கும் பெரிய உல்லாசக் கப்பல் எத்தனை? ஹவாய்த் தீவுகளைச் சுற்றிவரும் ‘பிரைட் ஆஃப் அமெரிக்கா’ ஒன்றுதான். மற்றவை எங்கே போயின? ராயல் கரீபியன் கம்பெனியைப் பாருங்கள். தலைமையிடம் மயாமி, கம்பெனி பதிவானது லைபீரியாவில், அதன் கப்பல்களில் பலவற்றில் பறப்பது பஹாமாஸ் நாட்டுக் கொடி! வரி எங்கே குறைவோ அங்கே பதிவு. சட்டம் எங்கே தளர்வோ அங்கே கொடி. இதற்கு ‘வசதிக் கொடி’ என்று பெயர். வசதி யாருக்கு என்று சொல்லவா வேண்டும்?

இங்கேதான் தோழர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். முதலாளியின் வரிக் கழிவு என்று வரும்போது, ‘எந்த நாட்டுக் கொடி?’ என்று கேட்டு அமெரிக்கச் சட்டம் கஜானாவைக் காக்கிறது. கப்பலில் தட்டுக் கழுவுகிறவன் கூலி என்று வரும்போதும் அதே கேள்வியைக் கேட்கிறது. ‘அயல்நாட்டுக் கொடியா? அப்படியானால் எங்கள் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் உனக்கில்லை’ என்று கையை விரிக்கிறது. கொடி ஒன்றுதான். கஜானாவுக்கு அது கேடயமாகிறது. தொழிலாளிக்கோ மூடிய கதவாகிறது!

வேலை நேரத்தையும் பாருங்கள். எட்டு மணி நேர வேலை என்று ஆலைத் தொழிலுக்கு 1919-லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை கண்டது. கடல் தொழிலாளர்க்கு 2006-இல் ஓர் உடன்படிக்கை வந்தது, 2013-இல் நடைமுறையாயிற்று, 2015-இல் இந்தியாவும் ஏற்றது. அதிலும் எட்டு மணி நேரமே அடிப்படை. ஆனால் வரம்பு வகுக்க நாடுகளுக்கு இரண்டு வழி விட்டிருக்கிறார்கள். ஒன்று, வேலை நாளுக்கு 14 மணிக்கும் வாரத்துக்கு 72 மணிக்கும் மேற்படக் கூடாது. மற்றொன்று, ஓய்வு நாளுக்கு 10 மணிக்கும் வாரத்துக்கு 77 மணிக்கும் குறையக் கூடாது. வாரத்துக்கு 168 மணி. 77-ஐக் கழித்தால் 91. வாரம் 91 மணி நேரம் வேலை வாங்கினாலும் சட்டம் சும்மா இருக்கும்! மாநாட்டு மண்டபத்தில் தேநீர் ஊற்றுகிற கை இந்தக் கணக்கில்தான் ஊற்றுகிறது.

கம்பெனிகள் மட்டுமா? அரசுகளும் கப்பலேறுகின்றன. 2001 ஜூலையில் இத்தாலியின் ஜெனோவா நகரில் வல்லரசுத் தலைவர்கள் கூடினர். அவர்களில் பெரும்பாலோர் தங்கியது ‘யூரோப்பியன் விஷன்’ என்ற உல்லாசக் கப்பலில். நகருக்குள் இரும்பு வேலி. வேலிக்கு வெளியே மக்கள். 23 வயது இளைஞர் கார்லோ ஜூலியானி காவலர் குண்டுக்கு இரையானார். 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் பருவநிலை மாநாடு. விடுதிகள் போதவில்லை என்று இரண்டு உல்லாசக் கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பூமி சூடாவதைப் பேச வந்தவர்களுக்கு எண்ணெய் எரிக்கும் கப்பலிலே படுக்கை!

கப்பலில் கூடுவதே பாவம் என்று நாம் சொல்லவில்லை. 1989 டிசம்பர் 2, 3 தேதிகளில் மால்டா தீவருகே புஷ்ஷும் கோர்பச்சேவும் சந்தித்தார்கள். போர்க்கப்பல்களில் மாறி மாறிக் கூடுவதாகத் திட்டம். புயல் சீறியது. ‘மக்சிம் கார்க்கி’ என்ற சோவியத் உல்லாசக் கப்பலிலேயே பேச்சு முழுவதும் நடந்தது. பனிப்போர் தணிந்த சரித்திரத்தில் அந்தக் கப்பலுக்கும் இடமுண்டு. அது பிறகு என்னவாயிற்று தெரியுமா? 2009-இல் குஜராத்தின் அலாங் கடற்கரையில் உடைத்துத் துண்டாக்கினார்கள். மேசையருகே அமர்ந்தவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. அந்த இரும்பை வெட்டிய தொழிலாளியின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

ஆகவே நாம் கேட்பது இதுதான். அரசு மாநாட்டுக்குக் கப்பலை அமர்த்தினால், ஊழியரின் கூலியும் ஓய்வும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். துறைமுகத்துக்கு வரும் கப்பலில் ஓய்வு நேரப் பதிவேட்டை அதிகாரிகள் புரட்டிப் பார்க்க வேண்டும். வசதிக் கொடியை எதிர்த்து 1948 முதல் போராடிவரும் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்துக்கு நம் சங்கங்கள் தோள் கொடுக்க வேண்டும்.

கப்பல் வேலைக்குப் புறப்படும் நம் கரையோர இளைஞர்களுக்கும் ஒரு சொல். வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் பெறக் கூடாது என்பது அந்த 2006 உடன்படிக்கையின் விதி. முகவர் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கப்பல்துறைத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். எந்தக் கொடியின் கீழ் வேலை, வாரத்துக்கு எத்தனை மணி என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள்.