திரையில் காண்பதும் செவியில் கேட்பதும்

பிழைப்பின் பொருட்டு வடபுலத்தில் தங்கிவிட்ட நம் குடும்பங்களில் வளரும் சிறுவர் பலர், ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜி கணேசன் ஊதும் கருவியை ‘ஷெனாய்’ என்றே சொல்லுகின்றனர். அவர்கள்மீது குற்றமில்லை, இங்குள்ள கலியாண வீடுகளில் அவர்கள் கேட்டு வளர்ந்தது ஷெனாயே. எனினும் பெயர் மறந்தால் பொருளும் மறந்துபோகும். ஆதலின் திரைப்படத்தில் வரும் வாத்தியங்களை இனங்காணும் வகையை இம்மாதம் சிறிது கூறுவோம்.

முதலாவது, கண்ணால் அறிவது. நாதஸ்வரம் ஏறக்குறைய இரண்டரை அடி நீளமுள்ளது. ஆச்சா மரத்தில் கடைந்த உடலும், மேலே சீவாளியும், கீழே பெரும்பாலும் மரத்தாலான அணசும் உடையது. ஷெனாய் அதனினும் மிகக் குட்டை. அதன் அடிப்புறம் உலோகத்தாலானது. பக்கத்தில் தவில் இருப்பின் நாதஸ்வரம் என்றும், தபலாவோ நகாராவோ இருப்பின் ஷெனாய் என்றும் பெரும்பாலும் துணிந்து கூறலாம்.

இரண்டாவது, காதால் அறிவது. நடிகர் கையில் கருவி இருக்கும்; நாதமோ வேறொருவருடையது. 1968-இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பா’ளில் ஒலித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம். 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் ஜெமினி கணேசன் ஊதுவதாகக் காண்கிறோம், வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம். 1959-இல் வந்த ‘கூஞ்ச் உட்டீ ஷெனாய்’ என்னும் இந்திப் படத்தில் ராஜேந்திர குமாருக்காக வாசித்தவர் பிஸ்மில்லா கான்.

சில சமயங்களில் கருவியே வேறாக இருப்பதும் உண்டு. வைஜயந்திமாலா நடித்து 1954-இல் வந்த ‘நாகின்’ படத்தில் கண்ணுக்குத் தெரிவது பாம்பாட்டியின் மகுடி. செவியில் விழுவதோ, பின்னாளில் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற கல்யாண்ஜி வாசித்த ‘கிளாவியோலின்’ என்னும் மின்விசைக் கருவி! பார்சலின் மேல் ஒட்டிய சீட்டு ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறு என்பது போன்றதே இது.

இதனால் நடிகரின் உழைப்பை நாம் குறைத்துக் கூறினோம் அல்லோம். சிவாஜி கணேசனின் கன்னமும் விரல்களும் நாதத்தோடு இசைந்து செல்லும் அழகைக் கண்டு வியவாதார் யார்? ஆயினும், அந்த நடிப்புக்கு உயிர் தந்த மூச்சு இன்னொருவருடையது என்பதையும் நினைத்தல் வேண்டும்.

அடுத்த முறை வீட்டில் இப்படங்களைக் காணும்போது, அன்பர்கள் தம் மக்களிடம் மூன்று வினாக்களைக் கேட்பார்களாக: காணும் கருவி எது? கேட்கும் கருவி எது? ஊதுபவர் யார்?

பிஸ்மில்லா கானின் பெயரை நம் பிள்ளைகள் இங்குள்ளோர் வாயிலாகவே அறிந்துகொள்வர், அது நன்றே. காருகுறிச்சியாரின் பெயரை அவர்களுக்கு நாம் சொல்லாவிடின் வேறு எவர் சொல்லுவர்?