சிலிசியா யாருடைய எடுபிடியும் அல்ல

சென்ற இதழில் சிலிசிய ஆர்மீனிய அரசைப் பற்றி வந்த கட்டுரை என்ன சொல்கிறது? ஐரோப்பியச் சிலுவைப் படையினர் தங்கள் வசதிக்காக உண்டாக்கிய பொம்மை அரசு அது. அதன் மன்னர் ஹெத்தும்தான் மங்கோலியரைத் தூண்டிவிட்டு பாக்தாதை அழித்தார். ஆகவே 1375-இல் எகிப்தின் மம்லூக்குகள் அந்த அரசை ஒழித்தது அதற்கு உரிய தண்டனை. முதல் இரண்டும் பொய். மூன்றாவது, அந்தப் பொய்களின் மேல் ஏறி நின்று ஒரு மக்களின் அழிவுக்கு நியாயம் கற்பிக்கிறது. இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

பொம்மை அரசு என்ற கதையை எடுத்துக்கொள்வோம். ஆர்மீனியரின் பழைய தலைநகரான ஆனியை 1045-இல் பைசாந்தியப் பேரரசு விழுங்கியது. 1064-இல் செல்ஜூக் துருக்கியர் சூறையாடினார்கள். ஊர் இழந்த ஆர்மீனியர்கள் தெற்கே சிலிசியாவின் டாரஸ் மலைப்பக்கம் போனார்கள். ரூபன் என்ற தலைவர் அங்கே 1080 வாக்கில் தனியாட்சியைத் தொடங்கிவிட்டார். முதல் சிலுவைப் படை சிலிசியாவுக்குள் நுழைந்ததோ 1097-இல். பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்ததை எப்படி உண்டாக்கினார்கள் என்று கட்டுரையாளர் சொல்ல வேண்டும்.

சிலிசிய மன்னர் லெவோன் தன் கிரீடத்தை ஜெர்மானியப் பேரரசரிடமிருந்து பெற்றார் என்பதைத்தான் அவர் பெரிய சான்றாகக் காட்டுகிறார். பைசாந்தியப் பேரரசர் மூன்றாம் அலெக்சியோசும் அதே லெவோனுக்கு ஒரு கிரீடம் அனுப்பினார் என்பதை ஏன் விட்டுவிட்டார்? மேற்கும் கிழக்கும் போட்டி போட்டுக்கொண்டு கிரீடம் அனுப்பிய ஒருவரை எடுபிடி என்று எழுதக் கை கூசியிருக்க வேண்டும். தார்சுஸ் நகரில் அவரை மன்னராக அபிஷேகம் செய்தவரும் ஆர்மீனியத் திருச்சபையின் தலைவரான கத்தோலிக்கோஸ்தான். பிறகு இந்த 'எடுபிடி' என்ன செய்தார்? பக்ராஸ் கோட்டையைத் திருப்பிக் கேட்ட டெம்ப்ளர் படைத்துறவியருக்கு ஆண்டுக்கணக்கில் இல்லையென்று சொன்னார். அந்தியோக்கியாவின் லத்தீன் ஆட்சியாளரோடு ஏறத்தாழ சாகும்வரை மோதினார். போப் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கியபோதும் பணியவில்லை.

லெவோனுக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் ஸபேலுக்கு 1222-இல் அந்தியோக்கியாவின் பிலிப்பைக் கட்டிவைத்தார்கள். ஆர்மீனியரின் வழிபாட்டையும் வழக்கங்களையும் மதிப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மீறிய அவனைப் பிரபுக்கள் சிறையில் தள்ளினார்கள்; அங்கேயே செத்தான். 1344-இல் லத்தீன் மன்னர் கீ தெ லூசினியனுக்கும் ஆர்மீனியப் பிரபுக்கள் கையால்தான் சாவு வந்தது. இவை அழகான செயல்கள் என்று நான் வாதாடவில்லை. புருஷனைப் பறிகொடுத்த ஸபேலை, அவள் தப்பி ஓடிய பிறகும் விடாமல், 1226-இல் ஹெத்துமுக்குக் கட்டாயமாகக் கட்டிவைத்தது பச்சைக் கொடுமை. ஆனால் லத்தீன் எஜமானர்களுக்கு வாலாட்டிய அரசு லத்தீன் மன்னர்களை இப்படி நடத்துமா?

அடுத்து பாக்தாத். ஹெத்தும் மங்கோலியரின் தலைநகரான காரகோரத்துக்குப் பக்கத்தில் மோங்கே கானின் முகாமைச் சென்றடைந்தது 1254 செப்டம்பரில். பின்னர் பாக்தாதை அழித்த ஹுலாகு மேற்கு ஆசியாவை அடக்கப் புறப்பட்டது 1253-இல். கிளம்பிவிட்ட படையை ஓராண்டு கழித்துப் போனவர் எப்படித் தூண்டிவிட்டார்? அதற்கும் முன்னால் 1236-இலேயே ஆனி மங்கோலியர் கைக்குப் போய்விட்டது. 1243-இல் கோஸே தாக் போரில் செல்ஜூக் சுல்தானின் படை சிதறியது. வாசலில் வந்து நின்றுவிட்ட வல்லரசிடம் அண்ணன் ஸ்ம்பாத்தை 1247-இல் தூது அனுப்பியும், பின்னர் தானே போயும் நாட்டைக் காப்பாற்றினார் ஹெத்தும். போகாதவர்களின் நகரங்கள் என்ன கதிக்கு ஆளாயின என்பது ஊரறிந்தது.

கட்டுரையாளர் இந்தக் கதையை எங்கிருந்து எடுத்தார் என்பதும் தெரிகிறது. கோரிகோஸ் கோட்டைப் பிரபுவாக இருந்த இன்னொரு ஹெத்தும், மன்னரின் தம்பி மகன், 1307-இல் பிரான்சின் புவாத்தியே நகரில் பிரெஞ்சில் சொல்லி எழுதவைத்த நூல் அதன் மூலம். பாக்தாதின் கலீபாவை ஒழிப்பது உட்பட, தன் பெரியப்பா கேட்டதையெல்லாம் கான் கொடுத்தார் என்கிறது அது. யாருக்காக எழுதப்பட்டது? போப் ஐந்தாம் கிளமென்டுக்காக. புதிய சிலுவைப் போருக்கு அவரைச் சம்மதிக்க வைக்க. மங்கோலியரும் கிறிஸ்தவரும் பழைய கூட்டாளிகள் என்று காட்டியாக வேண்டிய கட்டாயம் நூலாசிரியருக்கு இருந்தது. ஹெத்தும் மன்னர் வாழ்ந்த காலத்திலேயே அந்தப் பயணத்தை எழுதிவைத்தவர் ஆர்மீனிய வரலாற்றாசிரியர் கிராகோஸ் கான்ட்சகெட்சி. மன்னரையும் நாட்டையும் யாரும் தொல்லை செய்யக் கூடாது என்ற ஆணையும், தேவாலயங்களுக்கு உரிமைச் சாசனமும் கிடைத்தன என்பதோடு அவர் நிறுத்திக்கொள்கிறார். அரை நூற்றாண்டு கழித்து எழுதிய பிரசார நூலை வேதமாக எடுத்துக்கொண்டு, சமகாலத்தவரைத் தொடாமலே விடுவது வரலாறு எழுதும் முறையல்ல.

1260-இல் ஹெத்துமின் படை மங்கோலியரோடு அலெப்போவுக்குள் புகுந்தது. பெரிய மசூதிக்குத் தீ வைத்தது அவருடைய ஆட்கள் என்று அரபு வரலாற்றாசிரியர்கள் குற்றம் சாட்டுகிறார்கள். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அதற்கான விலை 1266-லேயே வசூலிக்கப்பட்டுவிட்டது. மம்லூக்குகளுடன் நடந்த மாரி போரில் ஹெத்துமின் ஒரு மகன் கொல்லப்பட்டான், இன்னொருவன் சிறைப்பட்டான், தலைநகர் சிஸ் எரிந்தது. 1375-இல் சிஸ் நகரில் பட்டினி கிடந்து சரணடைந்தவர்கள் அலெப்போ எரிந்து நூறாண்டுக்கு மேல் ஆன பிறகு வாழ்ந்தவர்கள். அவர்கள் எந்தக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றார்கள்?

இன்னொரு கணக்கையும் பாருங்கள். சிலுவைப் படையினரின் கடைசிப் பெருநகரான ஆக்கர் 1291-இல் விழுந்தது. ஈரானை ஆண்ட மங்கோலிய அரசு 1335-க்குப் பின் சிதறியது. சிலிசியா 1375 வரை நின்றது. எஜமானர்கள் போன பிறகும் இத்தனை காலம் தாங்கிய அரசைப் பொம்மை என்று எப்படிச் சொல்வது?

மன்னர்கள் சண்டையும் கல்யாணமும் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்ற கட்டுரையின் வரிதான் என்னை மிகவும் வருத்தியது. அந்தியோக்கியாவின் சட்டத்தொகுப்பு இன்று உலகில் ஒரே வடிவில்தான் கிடைக்கிறது: மேலே சொன்ன ஸ்ம்பாத் செய்த ஆர்மீனிய மொழிபெயர்ப்பாக. பிரெஞ்சு மூலம் அழிந்துபோனது. ஹெத்துமின் வெள்ளிக்காசுகளில் சிலவற்றை எடுத்துப் பாருங்கள். ஒருபக்கம் ஆர்மீனிய எழுத்தில் மன்னரின் பெயர், மறுபக்கம் அரபு எழுத்தில் செல்ஜூக் சுல்தானின் பெயர். வேறு காசுகளில் ஹெத்துமும் ஸபேலும் நடுவே சிலுவையைப் பிடித்தபடி நிற்கிறார்கள், பின்புறம் சிங்கம். பணிய வேண்டிய இடத்தில் பணிந்து, தன் அடையாளத்தை விடாத ஒரு சிறிய நாட்டின் அரசியல் முழுதும் அந்தக் காசுகளில் இருக்கிறது. மார்க்கோ போலோ 1271-இல் கிழக்கே புறப்பட்ட அயாஸ் துறைமுகமும், ஹ்ரோம்கிலாவில் தோரோஸ் ரோஸ்லின் தீட்டிய சுவிசேஷ ஓவியங்களும் அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூடப் பெறவில்லை.

கண்டிக்க வேண்டியவை இருக்கின்றன. மன்னர் இரண்டாம் ஹெத்துமும் அவர் சகோதரர்களும் 1290-களில் பதவிக்காக ஒருவரையொருவர் குருடாக்கினார்கள், கொன்றார்கள். எதிரி எல்லையில் நின்ற நேரம் அது. இதை ஆர்மீனியர்களே கடுமையாக எழுதியிருக்கிறார்கள். நம் சென்னையில் வாழ்ந்த ஆர்மீனிய வணிகர்கள் 1772-இல் இங்கே அச்சிட்ட நூல் ஒன்று, சட்டத்துக்குக் கட்டுப்படாத மன்னராட்சியே நாட்டை இழக்கக் காரணம் என்று வாதிட்டது. விமர்சனம் என்றால் அது. ஆதாரத்தோடு, அக்கறையோடு, தன்னவரை நோக்கிச் சொன்னது.

கட்டுரை நூலாக வரப்போகிறது என்று அறிவிப்பு வந்திருக்கிறது. ஆசிரியரிடம் என் வேண்டுகோள் இதுதான்: கிராகோசைப் படியுங்கள், 1253-ஐயும் 1254-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், 'உரிய தண்டனை' என்ற அந்தப் பத்தியை முழுவதுமாக எடுத்துவிடுங்கள்.