துணி மாத்திக்கலாமா தோழி? - காசில்லாமல் பீரோவைப் புதுசாக்கும் 'ஸ்வாப்' சந்திப்பு!

பீரோவைத் திறந்தால் துணி சரிந்து விழுகிறது. ஆனாலும், விசேஷத்துக்குக் கிளம்பும்போது 'போட்டுக்க ஒண்ணுமே இல்லை' என்ற புலம்பல் மட்டும் குறைவதில்லை. சில துணிகள் அலுத்துவிட்டன. சில அளவு சேராமல் போய்விட்டன. உங்களுக்கு அலுத்துப்போன குர்தி, தோழிக்குப் புதுசு. இந்தக் கணக்கில் நடப்பதுதான் 'க்ளோத்திங் ஸ்வாப்' எனப்படும் துணி மாற்றும் சந்திப்பு.

பழைய துணியைப் போட்டுப் பாத்திரம் வாங்கியதும், அக்காவின் பாவாடை தங்கைக்கு வந்ததும் நம் வீடுகளில் பழகிய விஷயங்கள்தான். ஆனால், பழைய துணி பெரும்பாலும் ஒரே திசையில்தான் போகும். மூத்தவரிடமிருந்து இளையவருக்கு, வசதியானவரிடமிருந்து வசதி குறைந்தவருக்கு. ஸ்வாப்பில் எல்லோரும் கொடுக்கிறார்கள், எல்லோரும் எடுக்கிறார்கள். அதனால் வாங்குகிறவருக்குக் கூச்சம் இருக்காது. இந்தச் சமநிலை கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் சந்திப்பை நடத்துபவரின் முக்கிய வேலை.

எத்தனை பேர், எத்தனை துணி?

6 முதல் 10 பேர் போதும். ஆளுக்கு 5 துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 15, 20 என்று வைத்தால், கொஞ்சமாகத் துணி வைத்திருக்கும் தோழி ஏதாவது காரணம் சொல்லி வராமலே இருந்துவிடுவார். துப்பட்டா, ஹேண்ட்பேக், கவரிங் நகை ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

கொண்டுவரும் துணி துவைத்து, அயர்ன் செய்ததாக இருக்கட்டும். கறை, கிழிசல், வேலை செய்யாத ஜிப் இருந்தால் வேண்டாம். உள்ளாடைகளுக்கு அனுமதி இல்லை. 'இதைத் தோழியின் கையில் நேராகக் கொடுக்க முடியுமா?' என்று யோசித்தாலே எதைக் கொண்டுபோகலாம் என்று தெரிந்துவிடும்.

டோக்கன் கைகொடுக்கும்

ஒரு துணிக்கு ஒரு டோக்கன். கொடுத்த எண்ணிக்கைக்கு எடுத்துக்கொள்ளலாம். விலையைக் கணக்கில் கொண்டுவர வேண்டாம். சீட்டுக் குலுக்கிப் போட்டு, வரிசைப்படி முதல் சுற்றில் ஆளுக்கு ஒன்று மட்டும் எடுங்கள். அடுத்த சுற்றில் வரிசையைத் தலைகீழாக்கிவிட்டால் கடைசி ஆளுக்கும் நல்லது கிடைக்கும். ஒரே புடவைக்கு இருவர் ஆசைப்பட்டால், மறுபடியும் சீட்டுதான்.

பட்டுப்புடவை, லெஹங்கா போன்றவற்றை நிரந்தரமாகக் கொடுக்க மனசு வராது. அவற்றுக்கு மட்டும், 'கல்யாணத்துக்குக் கட்டிவிட்டுத் திருப்பித் தருகிறேன்' என்று இரவல் பட்டியல் போடலாம். மாமியார், நாத்தனார் வாங்கிக்கொடுத்ததை அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள். ஒரு புடவையால் வீட்டில் வருத்தம் வர வேண்டாம்.

அளவு சேராதவருக்கு?

பலரும் யோசிக்காமல் விடுவது இதைத்தான். எட்டுப் பேரில் ஆறு பேர் எம் சைஸ், ஒருவர் மட்டும் டபுள் எக்ஸ்எல் என்றால், அவர் வெறும் பையோடு திரும்ப வேண்டியிருக்கும். அழைக்கும்போதே அளவைத் தனியாகக் கேட்டு, அந்த அளவுள்ள இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புடவை, ஷால், ஸ்டோல் போன்ற அளவில்லாத துணிகள் நிறைய இருக்கட்டும். பிளவுஸில் பக்கத் தையலுக்கு உள்ளே துணி விட்டிருந்தால் பிரித்து லூஸாக்கலாம். போட்டுப் பார்க்க ஒரு தனி அறையும், ஆளுயரக் கண்ணாடியும் அவசியம்.

குழந்தைகளின் உடைகள், கர்ப்பகால உடைகளுக்கு ஸ்வாப் மிகவும் பொருத்தம். சில மாதங்களே போட்டவை என்பதால் புதிதுபோலவே இருக்கும். ஒரே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள், மே மாதத்தில் யூனிஃபார்மை மாற்றிக்கொள்ளலாம்.

சொல்லக் கூடாத மூன்று!

'இது ரெண்டாயிரம் ரூபா, தெரியுமா?', 'உனக்கு இது டைட்டா இருக்கும்.' இந்த இரண்டையும் அன்று சொல்லக் கூடாது. மூன்றாவது, என்றுமே சொல்லக் கூடாதது: 'ஏய், இது என்னோட சுடிதார்தானே?' நாலு பேர் முன்னால் விளையாட்டாகச் சொன்னால்கூட, அந்தச் சுடிதாரைத் தோழி மறுபடி போட மாட்டார். கேட்காமல் யாருடைய போட்டோவையும் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள்.

'அடுத்தவங்க துணியா?' என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். பிறந்த குழந்தையைத் தாத்தாவின் பழைய வேட்டியில் சுற்றியவர்களும், பாட்டியின் நைந்த புடவையில் தூளி கட்டியவர்களும் அவர்கள்தான். இதமாக எடுத்துச் சொல்லிப் பாருங்கள். மனசு ஒப்பவில்லை என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒருமுறை துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்த பிறகு போடுங்கள்.

மிச்சப்படுவது காசு மட்டுமா?

ஒரு காட்டன் டி-ஷர்ட் உருவாகச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தினம் 3 லிட்டர் குடிக்கும் ஒருவருக்கு அது இரண்டரை ஆண்டுக்கான குடிநீர். சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாடு தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2011-ல் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டிவந்தது. அப்படி உருவான துணியை நான்கு முறை போட்டுவிட்டு மூலையில் வைப்பது நியாயமில்லையே!

யாரும் எடுக்காத துணியை, கொண்டுவந்தவர் தலையிலேயே கட்டி சங்கடப்படுத்தாமல், மொத்தமாக ஒரு பையில் சேர்த்துவிடுங்கள். நல்ல நிலையில் இருப்பவற்றை உங்கள் ஊரில் 'அன்புச் சுவர்' இருந்தால் அங்கே வைக்கலாம். பழைய துணியைச் சேகரித்துப் பயன்படுத்தும் 'கூஞ்ச்' போன்ற அமைப்புகளுக்கும் தரலாம். நைந்த காட்டன் துணி, அடுப்படியில் கரித்துணியாகும். போகி அன்று எரிக்க மட்டும் எடுத்துவைக்காதீர்கள். பாலியஸ்டர் துணியை எரிப்பதும் பிளாஸ்டிக்கை எரிப்பதும் ஒன்றுதான்.

முதல் சந்திப்பை மார்கழியிலேயே வைத்துக்கொண்டால், பொங்கலுக்கு வீடு ஒழிக்கும் வேலையும் பாதி முடிந்துவிடும்!