ஜனாதிபதி மீது வழக்கு: வாசலோடு அனுப்பலாமா?

"ஜனாதிபதி எலெக்ஷனா? அது டெல்லி சமாசாரம், நமக்கென்ன?" என்று மயிலாப்பூர் டீக்கடைகளில் கேட்பவர்கள் உண்டு. அப்படி ஒதுக்கிவிட முடியாது. 2022 ஜனாதிபதி தேர்தலில் மயிலாப்பூர், தி.நகர் எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவரின் ஓட்டுக்கும் மதிப்பு 176. அந்த ஓட்டு, தொகுதி மக்கள் கொடுத்த ஓட்டு!

1977, 1980 தேர்தல்களில் தென் சென்னை எம்.பி.யாக ஜெயித்த ஆர்.வெங்கட்ராமன், 1987-ல் ஜனாதிபதி ஆனார். அதை எதிர்த்து, தோற்ற வேட்பாளர் மிதிலேஷ் குமார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு தள்ளுபடி ஆனது.

சாட்சி சொன்ன கிரி

அதற்கு முன்பே பெரிய வழக்கு ஒன்று நடந்தது. 1937-ல் ராஜாஜி மந்திரிசபையில் இருந்த வி.வி.கிரி, 1969-ல் சஞ்சீவ ரெட்டியைத் தோற்கடித்து ஜனாதிபதி ஆனார். வித்தியாசம் 14,650 ஓட்டு மதிப்புதான். ரெட்டியை இழிவுபடுத்தும் துண்டுப் பிரசுரத்தை எம்.பி.க்களிடம் வினியோகித்தார்கள் என்று வழக்கு. பதவியில் இருக்கும்போதே கிரி கோர்ட்டுக்கு நேரில் போய் சாட்சி சொன்னார். அவருக்கு அதில் பங்கு இருப்பதாக நிரூபணம் ஆகவில்லை. 1970-ல் வழக்கு தள்ளுபடி. முழுசா விசாரித்ததால் ஜனாதிபதிக்கும் மரியாதை, கோர்ட்டுக்கும் மரியாதை.

3-க்கு 2

2012-ல் என்ன நடந்தது? ஜெயலலிதா ஆதரித்த பி.ஏ.சங்மா, பிரணாப் முகர்ஜியிடம் தோற்றார். "ஆதாயம் தரும் பதவியில் இருந்துகொண்டே பிரணாப் மனு தாக்கல் செய்தார்" என்று வழக்கு போட்டார். முழு விசாரணை வேண்டாம் என்று 3 நீதிபதிகள். வேண்டும் என்று 2 நீதிபதிகள். சாட்சி விசாரணை இல்லாமலே கதை முடிந்தது!

விளம்பரத்துக்காக வழக்கு போடுகிறவர்களைத் தடுக்க வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டியதுதான். ஆனால் அந்த வடிகட்டி சட்டத்திலேயே இருக்கிறதே! தேர்தலில் நின்ற வேட்பாளர் வழக்கு போடலாம், இல்லாவிட்டால் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் 20 பேராவது சேர்ந்து போட வேண்டும். வேட்பாளராக நிற்பதற்கே 50 பேர் முன்மொழிந்து, 50 பேர் வழிமொழிய வேண்டும். சாதாரண குடிமகன் உள்ளே நுழையவே முடியாது.

இத்தனையும் தாண்டி வருகிற வழக்கை சாட்சி வைத்து விசாரிப்பதுதான் முறை. தீர்ப்பு எப்படியும் வரட்டும். கேட்காமலே அனுப்பினார்கள் என்ற பேச்சு மட்டும் வரக்கூடாது.