தலைமை யாருடைய சொத்து?

"எங்களுக்குத் தலைவர் இல்லை; ஆகவே எங்களிடம் ஆதிக்கமும் இல்லை." கட்டற்ற மென்பொருள் இயக்கத்திலும் இணையவழிக் கூட்டுமுயற்சிகளிலும் உழைக்கும் நண்பர்கள் பலர் பெருமையோடு கூறும் வாசகம் இது. கேட்பதற்கு இனிமையான இவ்வாசகம் உண்மைக்குப் புறம்பானது என்பதே நமது வாதம். தலைமையைப் பெயரளவில் நீக்கிவிட்டால் அதிகாரம் மறைந்துவிடுவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. புலப்படாத அதிகாரத்தைக் கேள்வி கேட்பதோ மாற்றுவதோ எளிதல்ல.

அளவெட்டியிலிருந்து எழுதும் நாம் இவ்வுண்மைக்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களின் பங்குக் கிணற்றுக்குத் தலைவர் கிடையாது. பங்காளிகளிடையே முறை உண்டு. இன்ன நாள் இன்னாருக்கு இறைப்பு என்பது அனைவரும் அறிந்தது. துலா மிதித்த காலத்திலும், இயந்திரம் வந்த பின்னரும் அம்முறை நின்று நிலவியது. கூட்டுவாழ்வின் சிறந்த எடுத்துக்காட்டென இதனைப் போற்றுவோர் உளர். ஆனால் அதே கிராமங்களில், கிணற்றுக்கட்டில் கால் வைக்க உரிமையற்று, யாரேனும் அள்ளி வார்க்கும்வரை குடத்தோடு காத்துநின்ற மக்களும் இருந்தனர். அவர்களைத் தடுத்தவர் எந்தத் தலைவர்? எந்தத் தீர்மானம்? ஒன்றுமில்லை. "வழக்கம்" என்ற ஒற்றைச் சொல்லே தடுத்தது. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிய பின்னரும் அவ்வழக்கம் அசையவில்லை. 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் நமக்கு அண்மையிலுள்ள மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும்தான் அதனை அசைத்தன.

கிணற்றுக்கும் கணினிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அமெரிக்கப் பெண்விடுதலை இயக்கத்தைச் சேர்ந்த ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்திலேயே இத்தொடர்பைச் சுட்டிக்காட்டினார். அமைப்பே வேண்டாம் என்று கூறும் குழுக்களிலும் அமைப்பு உருவாகியே தீரும். அது நட்பாலும் அறிமுகத்தாலும் ஆனதாக, வெளியாருக்குப் புரியாததாக இருக்கும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். இணையக் கூட்டங்களை உற்றுநோக்கும் எவரும் இதனை மறுப்பதற்கில்லை.

இந்தக் கேள்வி தமிழருக்கு ஏட்டுச்சுரைக்காய் அன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடும் ஏடும் விட்டு வெளியேறினர். இவ்வாறு சிதறிய ஒரு சமூகம் தன் அறிவுச் செல்வத்தை மீண்டும் திரட்ட முற்பட்டபோது, பரவலாக்கப்பட்ட தொழில்நுட்பமே அதற்குத் துணைநின்றது. 1998 தைப்பொங்கலன்று சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் வாழ்ந்த தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டுத் தந்தனர். 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தும் நூலகம் திட்டம் 2005இல் பிறந்தது. எரிக்க முடியாத நூலகங்கள் என்று இவற்றை நாம் கருதுகிறோம். அவ்வாறு கருதுவது சரிதானா?

நெருப்பால் அழியாத நூலகம் கவனக்குறைவால் அழியலாம். இணைய முகவரி ஒருவர் பெயரில் பதிவாகியிருக்கும். வழங்கியின் கடவுச்சொல் இன்னொருவர் நினைவில் இருக்கும். ஆண்டுக் கட்டணம் மூன்றாமவரின் சட்டைப்பையிலிருந்து போகும். அவர்கள் நல்லவர்கள், தன்னலமற்றவர்கள். ஆனால் நல்லவர்களுக்கும் நோய் வரும், முதுமை வரும், சலிப்பு வரும். முன்னோடித் தலைமுறையின் தலைமயிர் நரைக்கத் தொடங்கிய இந்நாளில், "அடுத்து யார்?" என்று கேட்பது நன்றிகெட்ட செயலாகக் கருதப்படுமாயின், அந்த நன்றியுணர்வு நிலவுடைமைக் காலத்து விசுவாசமேயன்றி வேறில்லை.

உலகில் இக்கேள்வியை நேருக்குநேர் எதிர்கொண்டவர்கள் உளர். பைதான் என்னும் கணினிமொழியை 1991இல் வெளியிட்ட கீடோ வான் ரொசம், அச்சமூகத்தில் "ஆயுட்காலக் கருணைச் சர்வாதிகாரி" என்று பாதி வேடிக்கையாகவும் பாதி உண்மையாகவும் அழைக்கப்பட்டார். மொழியில் ஒரு புதிய குறியீட்டைச் சேர்ப்பது பற்றிய கடும் வாக்குவாதத்தால் களைப்புற்ற அவர், 2018 யூலையில் அப்பதவியைத் துறந்தார். தமக்குப் பின் இன்னார் என்று எவரையும் அவர் நியமிக்கவில்லை. என்ன செய்வது என்பதை நீங்களே தீர்மானியுங்கள் என்று விட்டுச்சென்றார். பல மாதங்கள் விவாதித்த அச்சமூகம், அவ்வாண்டு டிசெம்பரில் ஆட்சிமுறை ஒன்றை வாக்களித்துத் தேர்ந்தது. 2019 தொடக்கத்தில் ஐவர் கொண்ட வழிநடத்தும் குழுவைத் தெரிந்தெடுத்தது. அக்குழுவில் ஒரே நிறுவனத்தில் பணிபுரிவோர் இருவருக்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. மூலதனம் பின்வாசலால் நுழையும் என்பதை அறிந்தோர் எழுதிய விதி அது. கீடோவும் முதற்குழுவில் ஐவருள் ஒருவராகத் தெரிவானார். அடுத்த தேர்தலில் ஒதுங்கிக்கொண்டார். மன்னர் குடிமகனான நிகழ்ச்சி என்றே இதனைக் கூறலாம்.

டெபியன் இயக்கத்தினர் இதனை முன்னரே உணர்ந்திருந்தனர். 1993இல் அதனைத் தோற்றுவித்த இயன் மர்டொக் 1996இல் தலைமையிலிருந்து விலகினார். 1997இல் அவர்கள் தமது விழுமியங்களைச் சமூக ஒப்பந்தமாக எழுதினர். 1998இல் யாப்பு இயற்றினர். தலைவரின் பதவிக்காலம் ஓராண்டு. உறுப்பினர் தீர்மானத்தால் அவரை இடையிலேயே நீக்கவும் இயலும். மர்டொக் 2015இல் காலமானார், இயக்கம் வாழ்கிறது.

இங்கே இரு மறுப்புகள் எழும். "உழைப்பவரே தீர்மானிக்கட்டும், வாக்கெடுப்பு எதற்கு?" என்பது முதலாவது. உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் ஊதியமின்றி உழைக்க யாருக்கு நேரமுண்டு? மாலையில் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சவேண்டிய மாணவனுக்கா? பள்ளியில் கற்பித்து, வீடு திரும்பி அடுப்படியில் நிற்கும் ஆசிரியைக்கா? ஓய்வும் நல்ல இணைப்பும் உடையவர் கைக்கே அதிகாரம் செல்லுமாயின், அது திறமையின் ஆட்சி என்ற பெயரில் நடக்கும் வசதியின் ஆட்சியாகும்.

"தேர்தல் வைத்தால் அரசியல் புகும்" என்பது இரண்டாவது. அரசியல் ஏற்கெனவே புகுந்துதான் இருக்கிறது. அதற்குக் குறிப்பேடு இல்லை என்பதே குறை. எனினும் தேர்தலே முழு மருந்து என்று நாம் மயங்கவில்லை. நமது ஊர்களின் சனசமூக நிலையங்களில் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நாம் கண்டிருக்கிறோம். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், பழைய தலைவரே மீண்டும் மாலை அணிவார். இளைஞர் வாசலில் நின்று கலைந்துபோவர். யாப்பு இருந்தும் விழிப்பு இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கு இது சான்று. 1957ஆம் ஆண்டுச் சட்டம் தாளில் கிடந்ததும் அவ்வாறே.

ஆகவே நாம் வேண்டுவன இவை. விழுமியங்கள் எழுதப்படல் வேண்டும். அவை புதிதாக வருவோரைக் கட்டுப்படுத்துமளவுக்குத் தோற்றுவித்தோரையும் கட்டுப்படுத்தல் வேண்டும். ஒவ்வொரு பொறுப்புக்கும் முடிவுநாள் வேண்டும். திறவுகோல்கள் எவையும் ஒருவர் கையில் மட்டும் இருத்தலாகாது. பொறுப்பில் இருப்பவரின் முதற்கடமை, தம் இடத்தை நிரப்பக்கூடிய இருவரையேனும் பயிற்றுதல். அவ்விருவருள் ஒருவர் கிராமத்துப் பள்ளியிலிருந்து வரவேண்டும். ஒருவர் பெண்ணாக இருக்கவேண்டும். இதனைச் சலுகை என்று கூறுவோருக்கு நாம் கிணற்றுக்கட்டை நினைவூட்டுவோம்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! தமிழ் விக்கிப்பீடியாவில் பயனர் கூடி வாதிடும் பொதுப்பக்கத்துக்கு "ஆலமரத்தடி" என்று பெயர். நல்ல பெயர்தான். ஆனால் பழைய ஆலமரத்தடியில் யார் திண்ணையில் இருந்தார், யார் எட்ட நின்றார் என்பதை நாம் மறக்கலாகாது. புதிய ஆலமரத்தடியில் எவரும் எட்ட நில்லாதிருக்க வேண்டுமாயின், அழைப்புக்காகக் காத்திராது உள்ளே நுழையுங்கள். ஒரு கட்டுரை எழுதுங்கள். ஒரு பழைய நூலை மின்வருடிக் கொடுங்கள். பின்னர், திறவுகோல் யாரிடம் உள்ளது, எந்நாள்வரை உள்ளது என்று எழுந்து நின்று கேளுங்கள். பங்குக் கிணற்றில் முறை கேட்பது எவ்வாறு குற்றமாகாதோ, அவ்வாறே இதுவும் குற்றமாகாது.