ஸ்ட்ராட்டா, லெஸ் பாலா? கம்ப்யூட்டர் மேசைக்கு எது?

பிரான்சில் 1982இல் தொடங்கிய ஜூன் 21 இசை விழா நம் புதுச்சேரியிலும் நடப்பதுண்டு. அதைப் பார்த்துவிட்டு, எலெக்ட்ரிக் கிதார் வாங்கி வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய ஆசைப்படுபவரா நீங்கள்? கடையில் இரண்டு வடிவங்கள் உங்களைக் குழப்பும். ஒன்று பெண்டர் நிறுவனம் 1954இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர். மற்றது கிப்சனின் 1952ஆம் ஆண்டு லெஸ் பால். அசல் விலை நம் கைக்கு எட்டாது. அதே நிறுவனங்களின் ஸ்குயர், எபிஃபோன் பெயர்களில் வருபவைதான் நமக்குக் கட்டுப்படியாகும்.

ஹெண்ட்ரிக்ஸ் வாசித்தது இது, ஜிம்மி பேஜ் வாசித்தது அது என்று நண்பர்கள் பட்டிமன்றம் நடத்துவார்கள். நடத்தட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப்பை.

வழக்கமான ஸ்ட்ராட்டில் இருப்பவை ஒற்றைச் சுருள் பிக்கப்கள். கம்பியின் அதிர்வோடு, பக்கத்தில் உள்ள மின்கருவிகளின் இரைச்சலையும் ஏரியல் போல இழுத்துக்கொள்ளும். சிபியூ, யூபிஎஸ், செல்போன் சார்ஜர் எல்லாம் ஒரே மேசையில் இருந்தால் 'ம்ம்ம்' என்ற சத்தமும் உங்கள் பாட்டோடு பதிவாகும். லெஸ் பாலில் 1957 முதல் வந்த ஹம்பக்கர் பிக்கப்பில் இரண்டு சுருள்கள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருக்கும். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துப்போகும், இசை மட்டும் நிற்கும்.

ஆகவே கம்ப்யூட்டர் அறைக்கு என் ஓட்டு லெஸ் பாலுக்கே. இன்னொரு காரணம் நம் ஊர்க் கடல் காற்று. கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், அறுந்தும் போகும். ஸ்ட்ராட்டின் அசையும் பிரிட்ஜில் ஒரு கம்பி அறுந்தால் மற்றவற்றின் சுருதியும் கலைந்துவிடும். புதிதாகக் கற்பவருக்கு இது பெரிய தலைவலி.

ஆனால் லெஸ் பால் கனமானது. பத்து வயதுப் பிள்ளைக்கு என்றால் ஸ்ட்ராட்டையே வாங்குங்கள். இரண்டு ஹம்பக்கர் வைத்த மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது. கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் அருகே நின்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இரைச்சல் அங்கேயே தெரிந்துவிடும்.

எதை வாங்கினாலும் பணம் முழுவதையும் கிதாரிலேயே போட்டுவிடாதீர்கள். மைக் ஜாக்கில் செருகினால் ஒலி மந்தமாகத்தான் வரும். கிதாருக்கென்று தனி உள்ளீடு கொண்ட யூஎஸ்பி ஆடியோ இன்டர்பேஸ் அவசியம். பதிவு செய்ய ஆடாசிட்டி இலவசமாகவே கிடைக்கிறது.